இரு மடங்குக்குள் ஒரு பகா எண்

1919-இல் இங்கிலாந்திலிருந்து சென்னை திரும்பிய ராமானுஜன், மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் சில காலம் தங்கினார். அதே ஆண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய இரண்டு பக்க நிரூபணம் வெளியானது. 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு என்றது அது.

ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் இதை முன்பே நிரூபித்ததுதான். ராமானுஜனின் வழி அதைவிடச் சுருக்கம், அழகு. அதோடு அவர் நிற்கவில்லை: 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதியைத் தாண்டி அந்த எண் வரை குறைந்தது இரண்டு பகா எண்கள், 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு.

ஏன் இந்த எண்ணிக்கை கூடுகிறது? பகா எண்கள் போகப் போக அரிதாகின்றன, ஆனால் மிக மெதுவாக; பாதிக்கும் முழுமைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ அதைவிட வேகமாக நீள்கிறது.

2024-இல் கண்டறியப்பட்ட ராட்சதப் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதன் இரு மடங்குக்குள் இன்னொன்று நிச்சயம் இருக்கிறது. இருப்பதை நிரூபிப்பது வேறு, தேடிப் பிடிப்பது வேறு.