சந்தேகக் கோட்டையின் திறவுகோல்

இங்கிலாந்து தேசத்துப் பெட்போர்டு நகரச் சிறையில், 17-ஆம் நூற்றாண்டில், ஏழைத் தொழிலாளி ஒருவர் அடைபட்டிருந்தார். உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர்தம் தொழில். அரசின் அனுமதி பெறாமல் சமயப் பிரசங்கம் செய்தார் என்பது அவர்மேல் சாட்டப்பெற்ற குற்றம். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருப்பின் விடுதலை பெற்றிருப்பார். அவர் வாக்களிக்கவில்லை. 1660 முதல் 1672 வரை 12 ஆண்டுகள் சிறையிலே கழிந்தன. அவரே ஜான் பனியன்.

1678-இல் வெளிவந்த அவரது உருவக நூல், 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரால் தமிழிலும் வழங்குகிறது. அதனைத் தழுவியே நெல்லைச் சீமைப் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார். வைணவக் குடியிற் பிறந்து கிறிஸ்தவரான அப்பெரியாரும் வாழ்வின் மாற்றங்களை நன்கு அறிந்தவரே.

பனியன் வாழ்வில் பருவங்கள் கடுமையாகவே மாறின. 15 வயதில் தாயை இழந்தார், அவ்வாண்டிலேயே போர்வீரரானார். பின்னர் முதல் மனைவியும் இறந்தார். மக்களுள் ஒருத்தி பிறவிக் குருடு. மற்றெல்லாரினும் அக்குழந்தையே தம் நெஞ்சுக்கு நெருங்கியவள் எனச் சிறையில் எழுதிய தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். குடும்பத்தைக் காப்பாற்றச் சிறையிலிருந்தபடியே காலணிக் கயிறுகள் முடைந்து விற்றார்.

இத்தகையவர் நம்பிக்கையைப் பற்றி எழுதினால் அது வெறும் உற்சாகப் பேச்சாக இராது. கதையைப் பாருங்கள். யாத்திரிகனாகிய கிறிஸ்தியான், விசுவாசமே உருவான தோழன் ஒருவனுடன் மாயச் சந்தையை அடைகிறான். அங்கே அத்தோழன் கொல்லப்படுகிறான். அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு மனம் மாறிய அவ்வூரான் ஒருவன் கிறிஸ்தியானோடு சேர்ந்துகொள்கிறான். அவன் பெயரின் பொருள்தான் நம்பிக்கை. விசுவாசத்தின் மரணத்தைக் கண்ட இடத்திலேயே நம்பிக்கை பயணத்துக்குப் புறப்படுகிறது!

பின்பு இருவரும் எளிதாகத் தோன்றிய குறுக்குவழியில் இறங்கி, சந்தேகக் கோட்டையில் சிக்குகின்றனர். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அதன் தலைவன். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவில்லை, ஒளியில்லை. அடியும் உதையுமே மிச்சம். உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்று அரக்கன் தூண்டுகிறான். கிறிஸ்தியான் மனம் தளர்கிறான். தோழனோ வேண்டாமென்று தடுக்கிறான். அவன் எடுத்துக்காட்டும் காரணங்களுள் ஒன்று வியப்பானது: வெயில் காயும் நாட்களில் அரக்கனுக்கு வலிப்பு வருவதுண்டு, அப்போது அவன் கைகள் செயலிழக்கும். ஆகவே இன்றைய வானிலையை வைத்து முடிவு செய்யலாகாது என்பது அவன் வாதம். மாணவர்களே, மனச்சோர்வின் இயல்பை இவ்வளவு எளிமையாகச் சொன்னவர் சிலரே என்பது என் துணிபு.

அன்று நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகின்றனர். விடியும் வேளையில் கிறிஸ்தியானுக்கு ஒன்று நினைவு வருகிறது. வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் அவன் மார்பிலேயே இருந்திருக்கிறது! இறைவன் கொடுத்த வாக்கு என்பது அதன் பொருள். உட்கதவுகள் திறந்துகொள்கின்றன, வெளி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் எளிதில் அசையவில்லை. பனியன் அதையும் மறைக்கவில்லை.

இறுதியில் மரண ஆறு குறுக்கிடுகிறது. அதற்குப் பாலமில்லை. அரசன்மேல் அவரவர் வைத்த விசுவாசத்துக்கேற்ப ஆழம் மாறுமாம். திறவுகோலைக் கண்டெடுத்த கிறிஸ்தியானே அங்கே அஞ்சி மூழ்குகிறான். தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கி, அடியில் தரை தட்டுப்படுகிறது என்று தேற்றிக் கரை சேர்க்கிறான். சிறிது நேரத்தில், அறியாமை என்னும் வேறொருவன் அதே ஆற்றைத் துன்பமேயின்றிக் கடந்துவிடுகிறான். அவனுக்கு ஓடம் கிடைத்திருந்தது. ஆனால் வானகரத்தின் வாயிலில் அனுமதிச் சீட்டைக் கேட்டபோது அவனிடம் ஒன்றுமில்லை, உள்ளே விடப்படவில்லை. அவனை ஏற்றிவந்த ஓடக்காரனின் பெயர் வீண்நம்பிக்கை.