ஒரே மாத்திரை... ரெண்டு விலை!

காலை ஏழு மணி. ஆம்பூர்ல எங்க தெருமுனையில கம்பெனி பஸ் ஹாரன் அடிக்குது. ஷூ கம்பெனிக்குப் போற அக்காக்கள் டிபன் பாக்ஸும் தண்ணி பாட்டிலுமா ஓடுறாங்க. அதுல ஒரு அக்கா மட்டும் வாசல்லயே நின்னு, கடைசி இட்லியை அவசரமா முழுங்கிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணியையும் மடமடன்னு குடிப்பாங்க. அப்புறம்தான் பஸ்.

அந்த அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய்!

நம்ப முடியலதானே? எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. நம்ம சினிமாவுல ரத்தப் புற்றுநோய்னா, ஹீரோயின் இருமி, கர்ச்சீப்ல ரத்தம் பார்த்து, கிளைமாக்ஸ்ல கண்ணை மூடிடுவாங்க. இந்த அக்கா மெஷின்ல உட்கார்ந்து ஷூவோட மேல்தோல் தைக்கிறாங்க. பொண்ணை பிளஸ் டூ படிக்க வைக்கிறாங்க. எப்படி?

அந்த மாத்திரையோட பேரு இமாட்டினிப். அதோட கதை நம்ம சென்னையில, கோர்ட்டுல நடந்த கதை!

ஆஃப் ஆகாத சுவிட்ச்

நான் படிக்கிறது இன்ஜினீயரிங். அதனால எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய்ல, எலும்பு மஜ்ஜையில இருக்கிற செல்லுக்குள்ள 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டு மாத்திக்குது. அதனால ஒரு தப்பான புரதம் உருவாகுது. 'ஆன்' ஆகி அப்படியே மாட்டிக்கிட்ட சுவிட்ச் மாதிரி! வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாம பெருகிக்கிட்டே போகும். இமாட்டினிப் நேரா போய் அந்த சுவிட்சை 'ஆஃப்' பண்ணுது. 2001-ல அமெரிக்காவுல இதுக்கு அனுமதி கிடைச்சது. அதுவரைக்கும் உயிரையே பறிச்ச நோய், தினமும் மாத்திரை போட்டா பெரும்பாலானவங்களுக்குக் கட்டுக்குள்ள இருக்கிற நோயா மாறிடுச்சு.

ஆனா மாத்திரையை ஒரு மாசத்தோட நிறுத்த முடியாது. வருஷக்கணக்கா சாப்பிடணும். அப்போ விலை?

சுவிஸ் நாட்டு நோவார்டிஸ் கம்பெனியோட மாத்திரை அப்போ மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாயா இருந்துச்சு. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் தயாரிச்சு வித்த விலை மாசத்துக்கு 8,000-லேர்ந்து 10,000 ரூபாய். ஷூ கம்பெனி சம்பளத்துல எட்டாயிரமே மலைதான். லட்சத்து இருபதாயிரம்? பேசவே வேண்டாம்!

பழைய ரெக்கார்டு, புது அட்டை

1998-ல அந்தக் கம்பெனி, சென்னை காப்புரிமை அலுவலகத்துல இந்த மருந்தோட ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டது. கிடைச்சிருந்தா 20 வருஷத்துக்கு வேற யாரும் அதைத் தயாரிக்க முடியாது. 'கேன்சர் பேஷன்ட்ஸ் எய்டு அசோசியேஷன்' என்கிற நோயாளிகள் நல அமைப்பும், சில இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தாங்க. 2006 ஜனவரியில விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

காரணம், நம்ம காப்புரிமைச் சட்டத்தோட 3(டி) பிரிவு. சீனியரோட ரெக்கார்டு நோட்டை வாங்கி, புது பிரவுன் ஷீட் அட்டை போட்டு, 'இது என்னோடது சார்'னு நீட்டினா லேப்ல கையெழுத்து கிடைக்குமா? அது மாதிரிதான். ஏற்கெனவே தெரிஞ்ச பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தா மட்டும் போதாது. அது நோயைக் குணப்படுத்துற திறன்ல முன்னேற்றம் இருக்கணும். இதுதான் 3(டி).

அந்தச் சட்டப் பிரிவே செல்லாதுன்னு கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6-ம் தேதி அந்த வழக்கைத் தள்ளுபடி செஞ்சது. கடைசியா, 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் 'காப்புரிமை கிடையாது'ன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

கம்பெனி தரப்பையும் சொல்லணும். 'ஆராய்ச்சிக்குப் பணம் வேணும், காப்புரிமை இல்லாம புது மருந்து வராது'ன்னாங்க. ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாவும் மருந்து கொடுத்தாங்க. அது உண்மை, அதனால பிழைச்சவங்க இருக்காங்க. ஆனா இலவசம்னா கொடுக்கிற கை மேல, வாங்குற கை கீழ. நாளைக்கு நிறுத்திட்டா, ஏன்னு கேட்க முடியாது. கடையில கட்டுப்படியாகுற விலையில கிடைச்சா, யார் முன்னாடியும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? மாத்திரையில சேர்ற மருந்து அதேதான். விலை மாறினது சட்டத்தால! 2019 பிப்ரவரியிலும் இப்படித்தான்... 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபாரிகளோட லாபம் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாதுன்னு தேசிய மருந்து விலை ஆணையம் உத்தரவு போட, நூத்துக்கணக்கான பிராண்டுகளோட விலை குறைஞ்சது.

அரிசி டின்னுக்கு அடியில ஒரு கார்டு

சரி, விலை குறைஞ்சாச்சு. அக்கா பிரச்னை தீர்ந்துச்சா? அதான் இல்லை!

நோய் தெரிஞ்ச முதல் மூணு மாசம் அந்த வீட்ல நடந்ததை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். தாலிச்செயின் அடகுக்குப் போச்சு. வட்டிக்கு வாங்கினாங்க. டெஸ்ட்டுக்கு, பஸ்ஸுக்கு, லீவு போட்ட சம்பளத்துக்குன்னு பணம் கரைஞ்சது. 'பொண்ணைப் படிப்பை நிறுத்திட்டு கம்பெனிக்கு அனுப்பிடலாமா'ன்னு பேச்சு வந்த அன்னிக்குத்தான், கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்டார், ''உன்கிட்ட இ.எஸ்.ஐ. கார்டு இருக்கா இல்லையா?''

இருந்துச்சு. அரிசி டின்னுக்கு அடியில, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள! மாசாமாசம் சம்பளத்துல பிடிச்ச காசு. அது எதுக்குன்னு யாரும் சொல்லலை, அக்காவும் கேட்கலை.

இ.எஸ்.ஐ.யில தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. தொழிலாளி சம்பளத்துல 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம்... இதான் 2019-லேர்ந்து சந்தா. அதைவிட முக்கியமானது, ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து சந்தா கட்டியிருந்தா, புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய்க்கு விடுப்புல இருக்கும்போது சம்பளத்துல 80 சதவிகிதம் ரெண்டு வருஷம் வரைக்கும் கிடைக்க வழி இருக்கு! தோல் தூசி மூக்குப் பகுதியில புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பட்டியல் போட்டிருக்கு. ராணிப்பேட்டையிலேர்ந்து வாணியம்பாடி வரைக்கும் தோலை நம்பிப் பிழைக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த கார்டோட அருமை தெரிய வேண்டாமா?

கார்டே இல்லாதவங்க?

இங்கதான் மனசு கனக்குது. ஆம்பூர் பக்கம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலிக்கு ஷூ மேல்தோல் தைக்கிற அம்மாக்கள் நிறைய பேர். கம்பெனி ரிஜிஸ்டர்ல பேர் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லை. அவங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை. ஆனா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அதாவது மாசம் பத்தாயிரம். புருஷன் ஆட்டோ ஓட்டி, மனைவி திண்ணையில தைச்சு, மாசம் பதிமூணாயிரம் வந்தா? இந்தத் திட்டத்துலயும் இல்லை, அந்தத் திட்டத்துலயும் இல்லை. நடுவுல மாட்டிக்கிட்ட குடும்பம்!

வீட்ல இருந்து தைக்கிறவங்களையும் தொழிலாளியா கணக்குல சேர்க்கணும். பெரிய நோய்க்காவது அந்த வருமான வரம்பைத் தளர்த்தணும். ஒரு மாத்திரைக்காக சட்டப் பிரிவைக் காப்பாத்தின நாட்டுல, இது கேட்கக் கூடாத கோரிக்கை இல்லையே!

நாம என்ன பண்ணலாம்?

நமக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியும். வரிசையில நிற்க பயமில்லை. அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரம் நடுறதோட இதையும் சேர்த்துக்கலாம்:

* வீட்ல இ.எஸ்.ஐ. கார்டு, காப்பீட்டு அட்டை இருக்கான்னு பார்க்கிறது. இல்லாதவங்களுக்கு வருமானச் சான்று வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறது.

* காஞ்சிபுரம் காரப்பேட்டையில அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்குன்னு சொல்றது.

* சிகிச்சைக்குப் போற புற்றுநோயாளிக்கு ரயில்ல ஸ்லீப்பர், மூணாம் ஏசி டிக்கெட் முழு இலவசம். துணைக்குப் போறவருக்கு 75 சதவிகிதம் சலுகை. காட்பாடி ஜங்ஷன்ல ஸ்கேன் கவரோட இறங்குற வடநாட்டுக் குடும்பங்கள் பலருக்கு இது தெரியும். நம்ம தெருவுக்குத் தெரியுமா?

எங்க தெருவுல நான் நாலு வீடு முடிச்சிட்டேன். ரெண்டு வீட்ல கார்டு இருந்தும் எங்க வெச்சோம்னு தேடினாங்க. ஒரு வீட்ல கார்டே இல்லை, திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போறோம். நாலாவது அந்த அக்கா வீடு. கார்டு இப்போ அரிசி டின்னுக்கு அடியில இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு!