படத்துக்குப் பக்கத்துப் பட்டியல்

உங்களுக்குத் தெரியுமா? 1950-களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டு மலர்களில், படிப்பை முடித்து வெளியேறும் மாணவரின் படத்துக்கருகே அவர் சேர்ந்திருந்த சங்கங்களும் ஆடிய ஆட்டங்களும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பல மலர்களில் எண்களும் வரும்: ‘பாடகர் குழு 2, 3, 4’ என்றால் நான்காண்டுப் படிப்பில் கடைசி மூன்றாண்டும் பாடியவர். வெறும் பெருமைப் பட்டியல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. யாருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. நாட்டுப்புறப் பள்ளிகளில் பையன்களுக்கு ‘அமெரிக்காவின் வருங்கால உழவர்கள்’ சங்கம், பெண்களுக்கு 1945-இல் தோன்றிய ‘வருங்கால இல்லத்தரசிகள்’.

அவரவர் விருப்பம்தானே என்று கேட்கலாம். விருப்பமும் உண்டுதான், ஆனால் வேலிக்குள்ளே. 1928-இல் தொடங்கிய உழவர் சங்கம் தேசிய அளவில் பெண்களுக்கு உறுப்புரிமை தந்தது 1969-இல்தான். தெற்கு மாநிலங்களின் கறுப்பின மாணவர்களுக்கோ 1935 முதல் 1965 வரை தனிச் சங்கம். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆள் போதாமல் எல்லாரும் எல்லாவற்றிலும் சேர்ந்தார்களே என்றால், அதுவும் ஓரளவு மெய். அந்த ‘எல்லாரும்’ எதுவரை என்பதுதான் கேள்வி: வீட்டுப் பண்ணையில் பால் கறந்த பெண்ணுக்குச் சங்கத்தின் விதிப்படி இடமில்லை.