கான் தீவின் விமானப்படைத் தளம்

மாலத்தீவின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 75 கிலோமீட்டரில் இருக்கிறது கான் தீவு. 1957-இல் இலங்கையின் கட்டுநாயக்கா, சீனன்குடா தளங்களை விட்டு வெளியேற நேர்ந்த பிரிட்டிஷ் விமானப்படை, மாற்றிடமாக எழுப்பிய தளம் இது. சிங்கப்பூர் போகும் ராணுவ விமானங்கள் இங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். ஓடுபாதை தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டது.

அங்கே பணிபுரிந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் சுவையானவை. குடும்பத்தை அழைத்துவர அனுமதி கிடையாது. நூற்றுக்கணக்கான ஆண்கள், அவர்கள் நடுவே, நலப்பணிக்காக வந்த தன்னார்வச் சேவை அமைப்பின் ஒரே ஒரு பெண்மணி! கடிதம் எழுதித் தரவும் காது கொடுத்துக் கேட்கவும் அவர்தான். மற்றபடி பவளப்பாறைக் கடலில் நீச்சல், திறந்தவெளியில் சினிமா, தபால் விமானம் எப்போது வரும் என்ற ஏக்கம்.

ஆனால் தீவின் சொந்தக்காரர்களின் நினைவு வேறு. தளத்துக்காக அவர்கள் பக்கத்துத் தீவான ஃபேதூவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். பின்பு அதே தளத்தில் கூலிவேலைக்கு வந்துபோனார்கள். 1976 மார்ச்சில் தளம் மூடப்பட்டபோது அந்த வருமானமும் போயிற்று.

இன்று அந்த ஓடுபாதை சர்வதேச விமான நிலையம். படைவீரர் குடியிருப்புகள் சுற்றுலா விடுதியாகிவிட்டன. பழைய வீரர்கள் சிலர் அங்கே பணம் கட்டித் தங்கினார்கள், இம்முறை மனைவியோடு!