மலைநாட்டின் நில அமைப்பும் வரலாற்றின் போக்கும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசரும் தளபதிகளுமே ஆக்கினர் எனக் கருதுதல் இயல்பு. ஆயினும், அவர்தம் படைகள் ஏறிய மலைகளையும் கடந்த ஆறுகளையும் நோக்காது அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது. இலங்கையின் மத்திய மலைநாடு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1505இல் கடல்வழி வந்த போத்துக்கேயரும், அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் கரையோரத்தைத் தம்வசமாக்கினர். கண்டி இராச்சியமோ 1815 வரை நிலைத்து நின்றது. மலையின் உயரம் மட்டும் இதற்குக் காரணமன்று. அடர்ந்த காடு, ஒற்றையடிப் பாதை, காய்ச்சல், மழைக்காலத்திற் பெருகும் மகாவலி கங்கை ஆகிய யாவும் சேர்ந்தே அரணாயின. இதனைக் கண்டி மன்னர் நன்கறிந்திருந்தனர். பாதைகளை அகலமாக்க அவர்கள் இடமளிக்கவில்லை. கணவாய்களில் முட்கதவு அமைத்துக் காவல் வைத்தனர். பொதி சுமந்து ஒருவர்பின் ஒருவராய் நீண்டு சென்ற படையைக் காட்டில் மறைந்திருந்தோர் எளிதிற் சிதைத்தனர். 1638இல் கண்டி நகரை எரித்துத் திரும்பிய போத்துக்கேயப் படை கன்னொருவையில் வளைக்கப்பட்டு அழிந்தது. 1765இல் நகரைப் பிடித்த ஒல்லாந்தர் நோயாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் அவ்வாண்டிலேயே வெளியேறினர். 1803இல் ஆங்கிலேயர் நிலையும் இதுவே. மக்கள் விட்டகன்ற வெறும் நகரிற் காய்ச்சலுற்றுக் கிடந்த அவர்தம் படை, மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து கீழிறங்கியபோது, பெருகிய மகாவலியைக் கடக்க வழியின்றிக் கரையிலேயே மடிந்தது. நகரைப் பிடித்தல் எளிதாயிற்று. அங்கே தங்குதலே அரிதாயிற்று.

அவ்வாறாயின் 1815இல் கண்டி வீழ்ந்தது எங்ஙனம்? பிரதானிகள் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைக் கைவிட்டனர். இங்கு நில அமைப்பு மட்டுமே யாவற்றையும் தீர்மானிக்கும் என்பார் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அரண் இருந்தபடியே இருந்தது, காவலரே மாறினர். 1817–18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியின் பின்னரே ஆங்கிலேயர் அரணையே உடைக்க முற்பட்டனர். தேசாதிபதி பார்ன்ஸ் காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்தது. கடுகண்ணாவையிற் குடையப்பட்ட பாறையும் டோசன் கோபுரமும் இன்றும் அதனை நினைவூட்டுவன. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1885இல் ஹட்டனைக் கடந்து நானுஓயாவுக்கு ஏறிற்று.

படைக்கென வெட்டிய வழியே பயிருக்கும் வழியாயிற்று. முதலிற் கோப்பி பரவியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. அப்பருவத்தைக் கருதித் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து வறண்ட காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளர் பலர், வேலை முடிந்ததும் மீண்டனர். வழியில் வாந்திபேதிக்கு இரையானோரும் பலர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலை நட்டிருந்தார்.

தேயிலையின் இயல்பு வேறு. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளையும், வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளையும் நனைக்கின்றன. நெடும் வறட்சி காணாத இம்மலைகளில் ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். துளிர்த்ததைச் சில நாட்களுக்கொருமுறை கிள்ளியே ஆகவேண்டும். ஆகவே கொழுந்து பறிப்போரும் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டனர். குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, இவர்கள் வந்துபோகும் கூட்டத்தினர் என்ற எண்ணம் வலுவாயிருந்தது. கோப்பிக் காலத்திற்கு அஃது ஓரளவு பொருந்தும். தேயிலைக் காலத்திற்குச் சற்றும் பொருந்தாது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிற்பாடு முடிவு செய்ய விடப்பட்டது. முன்னோர் நடந்தேறிய மலையிலிருந்து பேரப்பிள்ளைகள் புகையிரதத்தில் இறங்கித் தலைமன்னாரிற் கப்பலேறினர். 1984இல் அக்கப்பற் சேவை நின்றது. மலையிலேயே நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.