நாரும் நுரையும்

மெட்ராஸ் குஷன் கடையில் ஒருமுறை வேலை பார்த்து அனுப்பிய பழைய அம்பாசடர் சீட்டைப் பிரித்தால், அடியில் இரும்புச் சட்டமும் அதில் நிறுத்திய சுருள் ஸ்பிரிங்குகளும் இருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பக்கத்து ஸ்பிரிங்கோடு முறுக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கம்பி மேலே குத்தாமல் இருக்க ஒரு கோணி, கோணிமேல் தேங்காய் நார், நாரின் சொரசொரப்பு தெரியாமல் இருக்கப் பஞ்சு, எல்லாவற்றையும் மூடி ரெக்ஸின். கோணி ஊசியும் கையும் செய்த வேலை. எந்த அடுக்கு கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. ஸ்பிரிங் செத்தால் ஸ்பிரிங், நார் அமுங்கினால் நார், மேலே கிழிந்தால் ரெக்ஸின்.

1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசடரிலும், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டிலும் நெடுங்காலம் முன்பக்கம் பெஞ்சு போல ஒரே நீள சீட்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி இருந்ததால் நடுவிலும் ஒருவரை உட்கார வைத்துக்கொள்வார்கள். வண்டலூரில் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-லேயே தனித்தனி முன் சீட்டுகளோடு வந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகள் சிலவற்றில் அதைப் பெருமையாக வைத்திருந்தார்கள். ஆனால் ஊரில் பெருவாரியாக ஓடியது பெஞ்சு சீட்தான். அதில் டிரைவர் சீட் என்று தனியாக ஒன்று கிடையாது. பெஞ்சின் வலது ஓரம், அவ்வளவே. தினமும் ஒரே ஆள் ஒரே ஓரத்தில் உட்கார்ந்ததால் அந்த மூலை மட்டும் இறங்கிவிடும். டிரைவர் கதவுப் பக்கமாகச் சாய்ந்தபடி ஊர் முழுக்க ஓட்டுவார்.

அதற்கு அவரே வைத்தியம் செய்துகொண்டார். தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்துப் பள்ளத்தில் வைப்பது முதல் வைத்தியம். ரெக்ஸின் வெயிலில் சுடும், வியர்வையில் ஒட்டும் என்பதற்கும் அதே துண்டுதான். கம்பிச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய சாய்மானத்தை முதுகுக்கு வைத்தவர்களும் உண்டு. பிறகு மரமணி கோத்த விரிப்பு வந்தது. அதை டாக்சிகளில் இன்றும் பார்க்கலாம்.

துண்டால் தாங்காது என்ற நிலை வந்தபோது சீட் குஷன் கடைக்குப் போனது. மவுண்ட் ரோடுக்கும் ராயப்பேட்டைக்கும் இடையில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. 1840-ல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றையே கட்டினார். வண்டிக்கு மெத்தை தைத்த தொழில் அப்படியே மோட்டாருக்கு வந்தது. மவுண்ட் ரோடில் கார் கம்பெனிகள் பெருகப் பெருக, அதை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகளும் சீட் வேலை செய்பவர்களும் பெருகினார்கள். கூவத்தின் அந்தப் பக்கம் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான் கிடைத்தது. சட்டம் உடைந்தால் அங்கே போய் இன்னொரு சட்டம் வாங்கிவருவார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அந்தக் காரில் முன்னால் இரண்டு தனிச் சீட்டுகள், நடுவில் தரையிலிருந்து எழும் கியர். டிரைவர் சீட் என்று சொல்லிக் கைகாட்டும்படி ஒன்று நடுத்தர வீடுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. வண்டி உயரமாக இருந்ததால் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது, வயதானவர்களுக்கு அது பிடித்துப்போனது.

சீட்டின் உள்ளேயும் எல்லாம் மாறியிருந்தது. சுருள் ஸ்பிரிங்கின் இடத்தில் வளைந்து வளைந்து போகும் கம்பிகள், அவற்றின் மேல் ஒரே அச்சில் வார்த்த பாலியூரித்தேன் நுரை. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த வேதியியல் அது. நுரை எடை குறைவு. தொடைக்கு ஒரு வளைவு, இடுப்புக்கு ஒரு வளைவு என்று வேண்டிய வடிவத்தில் நிமிடங்களில் வார்த்துவிடலாம். நாரையும் கோணியையும் அடுக்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கு வரும் அளவுக்குக் கார்கள் வந்திருக்கவே முடியாது.

ஆனால் நுரை கெடும் விதம் வேறு. ஸ்பிரிங் செத்தால் சத்தம் கேட்கும், குத்தும், உடனே தெரியும். நுரை சத்தமில்லாமல் சாகும். அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அறைகளின் சுவர்கள் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உடைகின்றன. சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. முதலில் போவது சீட்டின் வலது விளிம்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு எடையும் அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. பிறகு உட்காரும் எலும்புகளுக்கு நேர் கீழே பள்ளம் விழுகிறது. மேல்துணி இழுத்துப் பிடித்திருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இடுப்புக்கு மட்டும் தெரியும்.

அந்த இடுப்பு இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். லஸ், பனகல் பூங்கா, ஆர்.கே. சாலை, அடையாறு என்று மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரம் அடித்த சாலைகளில் வண்டி ஊர்கிறது. கிளட்ச்சில் இடது கால், பிரேக்கில் வலது கால், முதுகு அசையாமல் ஒரே இடத்தில். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டுகளுக்குள் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். முதுகுக்கு ஆதாரமில்லாமல் உட்காரும்போது நிற்பதைவிடத் தட்டில் அழுத்தம் அதிகம் என்று கண்டார். பிற்கால அளவீடுகள் அந்த வித்தியாசத்தைக் குறைத்துச் சொன்னாலும், சாய்மானமும் இடுப்பு ஆதாரமும் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. பள்ளம் விழுந்த சீட்டில் இடுப்பு பின்னால் உருண்டு அந்த ஆதாரத்தை விட்டே விலகிவிடுகிறது.

இந்த நிலையில் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது சீட் கவர் மாற்றுவது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் எந்த மாடல் காருக்கும் அளவெடுத்த தோல் போன்ற உறை, டைமண்ட் தையல், இரண்டு வண்ணம். காலையில் விட்டால் மாலைக்குள் மாட்டித் தந்துவிடுகிறார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செத்த நுரைக்கு மேல் புதுத்தோல் போட்டால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். கொஞ்ச நாளில் தோலும் அந்தப் பள்ளத்துக்குள் சுருங்கி மடிப்பு விழும். காசு முழுக்க வெளியே போகிறது, உட்காருகிறவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. என்னைக் கேட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நாரும் நுரையும் பொருள் மாற்றம். உள்ளே திறந்து பார்க்கும் பழக்கம் போனதுதான் இழப்பு.

அந்தப் பழக்கத்தை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பழைய குஷன் மாஸ்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினேன்.

"பாய், கவர் போட்டா சரியாயிடாதா?"

"தோலு மாத்துனா போட்டோ நல்லா வரும் சார். உள்ள பள்ளம் இருக்கே, அது எங்க போவும்? வண்டி ஓட்டுறவரை மொதல்ல கூட்டிட்டு வாங்க. அவர் உக்காந்து காமிக்கட்டும், அப்புறம்தான் கத்தி எடுப்பேன்."

அவர் செய்யும் முறை இது. சீட்டைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்துவிடுவார். பக்க ஏர்பேக் உள்ள சீட் என்றால் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துச் சில நிமிடம் காத்திருந்துதான் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரில் கை வைப்பார். பிறகு உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டித் தோலை உரித்ததும் நுரை வெளியே வரும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் நோய் தெரியும். கம்பி அறுத்த கோடுகள், பொடியாக உதிரும் மஞ்சள் தூள். கம்பிகளில் கொக்கி விட்டது எது, வளைந்தது எது என்று பார்த்து மாற்றுவார். கம்பிக்கும் நுரைக்கும் நடுவே தடித்த கோணியோ ஃபெல்ட்டோ வைப்பார். அம்பாசடர் சீட்டில் கோணி செய்த வேலையும் இதேதான்.

அடுத்து நுரை. முழுசாகத் தூக்கிப் போட மாட்டார். செத்த பாகத்தை மட்டும் நீளக் கத்தியால் சீவி எடுத்து, அதே அளவுக்குப் புது நுரையை வெட்டிப் பசை தடவி ஒட்டுவார். கடையில் நுரையை டென்சிட்டி எண் சொல்லி வாங்குவார்கள். 32 என்றால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. கார் சீட்டுக்கு 40-க்குக் கீழே அவர் தொடுவதில்லை. அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதை அவர் சொல்லித்தான் நன்றாகப் புரிந்தது. அடர்த்தி நுரை எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சொல்லும், கடினம் உட்காரும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். நடுவில் உறுதியானது, அதன்மேல் மெல்லியதாக மிருதுவானது, தேய்ந்த வலது விளிம்புக்குத் துண்டு நுரைகளை அழுத்திச் செய்த கெட்டியான ரீபாண்டட். பிறகு கிரைண்டர் வைத்து இழைத்து வளைவைக் கொண்டுவருவார். பழைய தோலையே திரும்பப் போட்டு நீராவி காட்டினால் சுருக்கம் போய்விடும். கடைசியில் டிரைவரை உட்காரச் சொல்லி, முட்டிக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்பார். சீட் முனை தொடையை அறுக்கக் கூடாது.

இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் முழு வண்டிக்கு ஆடம்பர உறை போடும் செலவைவிடக் குறைவு. வித்தியாசம் என்னவென்றால், வெளியே காட்ட ஒன்றும் இருக்காது.

நுரையின் இன்னொரு பலவீனத்தை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த நீரில் அடையாறு கரை தாண்டியபோது கோட்டூர்புரத்திலும் அக்கம்பக்கத்திலும் கார்கள் மூழ்கின. மேலே துணி காய்ந்த பிறகும் நுரையின் நடுவில் ஈரம் நிற்கும், நாற்றம் எடுக்கும், அடியில் சீட் நகரும் தடமும் கம்பியும் துருப்பிடிக்கும். நாரும் கோணியும் மட்டும் நனைந்தால் பிழைக்குமா என்றால் இல்லைதான். ஆனால் பிரித்து, தூக்கி எறிந்து, புதிதாக அடுக்க முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி அதே பாடு.

பழைய சீட்டைத் தூக்கிப் பிடிப்பது என் எண்ணம் அல்ல. தலைக்கு ஆதாரம் கிடையாது, வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் பிடிப்பு கிடையாது, உயரம் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. பெஞ்சை முன்னால் தள்ளினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்தே முன்னால் வருவார். இன்றைய சீட் எல்லா வகையிலும் நன்றாக யோசித்துச் செய்த பொருள். காற்று ஊதும் சீட் கூட இப்போது நடுத்தர விலைக் கார்களில் இருக்கிறது. அதன்மேல் தடித்த உறை போட்டு அந்தக் காற்றை அடைத்துவிடக் கூடாது. அதைவிட முக்கியம் பக்க ஏர்பேக். சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்ற சின்னப் பட்டை தைத்திருந்தால், அந்த இடத்தில் விரிந்து பிரியும்படி தைக்காத உறையை எவ்வளவு அழகாக இருந்தாலும் போடவே கூடாது.

உறைக்குக் காசு கொடுப்பவர் பல வீடுகளில் அந்தச் சீட்டில் உட்காருவதே இல்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வண்டி ஓட்டுவது மாதச் சம்பள டிரைவர், இல்லையென்றால் அன்றைக்கு வந்த ஆக்டிங் டிரைவர். கால் டாக்சியில் வண்டி ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது. "குறுக்கு பிடிச்சிக்குது சார்" என்று ஒரு டிரைவர் சொன்னால் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். பாதி நேரம் அது நுரைக் கோளாறு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வண்டியை நிறுத்தி இடது பக்கச் சீட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள், பிறகு டிரைவர் சீட்டில் ஐந்து நிமிடம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் டிரைவர் இத்தனை வருஷமாகத் தாங்கிக்கொண்டிருப்பது. மொபைல் வெளிச்சத்தில் சீட்டின் அடியையும் பாருங்கள். மஞ்சள் தூள் கொட்டியிருந்தால் கவர் கடைக்குப் போகாதீர்கள், குஷன் கடைக்குப் போங்கள். போகும்போது வண்டி ஓட்டுபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நுரை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.