வடக்கைக் காக்கும் பெயர். தெற்கைக் காட்டும் கல்!

யப்பான் நாட்டிலே, தொயோக்கா நகரையடுத்த மருயாமா ஆற்றங்கரையில், சிற்பி செதுக்கி அடுக்கியவை போன்ற கரிய கற்றூண்கள் நிரைநிரையாக நிற்கின்றன. கல்லுடைத்தோர் அகழ்ந்த இடங்கள் குகைகளாய்க் காட்சி தருகின்றன. 1807ஆம் ஆண்டில் அவ்விடத்திற்கு, வடதிசையின் காவல் தெய்வமாகிய கரிய ஆமையின் பெயரால், 'கென்புதோ' எனப் பெயரிட்டனர்.

இத்தூண்களைச் செதுக்கிய சிற்பி யார்? வெப்பந்தான்! சுமார் 16 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பு உறைந்து பசால்ற்றுப் பாறையாயிற்று. ஆறும் பொருள் சுருங்கும் என்பதை மாணவர் அறிவர். கோடையில் வற்றிய குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதை நாம் கண்டதில்லையா? சேற்றில் நீர் நீங்குவதால் நிகழ்வது, பாறையில் வெப்பம் நீங்குவதால் நிகழ்கின்றது. சீராகச் சுருங்கும் பாறையில் மூன்று வெடிப்புக்கள் 120 பாகைக் கோணத்திற் சந்திக்க முயல்வதால் அறுகோணத் தூண்கள் மிகுகின்றன. பாறை ஆற ஆற வெடிப்பும் உள்ளிறங்கித் தூணாக நீள்கின்றது. மெல்ல ஆறினால் தூண் பருக்கும். விரைந்து ஆறினால் மெலியும். 2018இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையில், ஏறக்குறைய 840 முதல் 890 பாகை சென்ரிகிரேட் வெப்பநிலையில் பாறை இவ்வாறு வெடிப்பது புலனாயிற்று.

வெப்பம் மேலும் தணிந்து சுமார் 580 பாகைக்குக் கீழிறங்கும்போது மற்றோர் அற்புதம் நிகழ்கின்றது. பாறையினுள் நுண்மணிகளாய்ப் பரந்துள்ள மகனற்றைற்று என்னும் இரும்புக் கனிப்பொருள் காந்தமாகி, புவிக்காந்தத்தின் அன்றைய திசையைத் தன்னுட் பதித்துக்கொள்கின்றது.

1926இல் பேராசிரியர் மோட்டோனோரி மற்றுயாமா கென்புதோக் கல்லை ஆராய்ந்தார். வடக்கை நோக்கவேண்டிய காந்தம் தெற்கை நோக்கிற்று! 1906இலேயே பிரான்சில் பேணாட் புறூன் இத்தகைய கல்லைக் கண்டிருந்தார். மற்றுயாமா பல இடங்களிற் கல் சேர்த்து ஒப்பிட்டு, புவிக்காந்தமே முற்காலத்தில் தலைகீழாய் இருந்ததென 1929இல் எழுதினார். பலர் நம்பவில்லை, குறை கல்லில் இருக்கலாம் என்றனர். 1958இல் அவர் காலமானார்.

1960களில் அறிஞர் பாறைகளின் வயதைக் கணித்தபோது, ஒத்த வயதுடைய பாறைகள் வெவ்வேறு நாடுகளிலும் ஒரே வகையிலேயே காந்தமேறியிருக்கக் கண்டனர். கல் பொய் சொல்லவில்லை! சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற அத்தலைகீழ்க் காலம் இன்று மற்றுயாமாவின் பெயராலேயே வழங்குகின்றது. அப்புகழைக் காண அவர்தாம் இருக்கவில்லை.

காலில் இடறும் கல்லையும் இனி நாம் ஒருமுறை உற்றுநோக்குவோமாக!